ட்ரேடு கால்குலேட்டரை எவ்வளவு நம்பலாம்? சில சீசன்களாகப் பயன்படுத்திய அனுபவம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மெஸ்ஸி ஆடும் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லை வைத்து ஆடும் ஃபேன்டஸி: ஆளுக்கோர் அணி அமைப்போம், நிஜ ஆட்டங்களில் நம் வீரர்கள் செய்வதற்கு நமக்குப் புள்ளி. ட்ரேடு என்றால் வீரர்களை மாற்றிக்கொள்வது, ட்ரேடு கால்குலேட்டர் என்றால் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எண் கொடுத்து யாருக்கு லாபம் என்று காட்டும் இணையதளம். எங்கள் லீக்கில் 12 பேர், பெரும்பாலும் கல்லூரி நண்பர்கள், வேலைக்காக வந்து ஆளுக்கொரு மாநிலத்தில் இருப்பவர்கள். ஒரு லீக்கில் ஆண்டுதோறும் புதிதாக ட்ராஃப்ட் செய்வோம், அதாவது முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்போம். இன்னொன்று டைனஸ்டி, அதில் எடுத்த வீரரை நாமே விடும் வரை நம்மோடுதான் இருப்பார். இரண்டிலும் ட்ரேடு என்று பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவன் கால்குலேட்டரில் தட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவான், "பாரு, எனக்கு 800 பாயிண்ட் நஷ்டம்" என்பான், அப்புறம் ராத்திரி வரை சண்டை.

கீப்ட்ரேட்கட், ஃபேன்டஸிகால்க், ஃபேன்டஸிபுரோஸ் மூன்றையும் சில சீசன்களாகத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். என் தீர்ப்பு இதுதான்: எதிராளி நம் தலையில் எதையாவது கட்டப் பார்க்கிறானா என்று தெரிந்துகொள்ள இவை நல்ல கருவிகள். ஆனால் அந்த ட்ரேடுக்குச் சரி சொல்லலாமா என்று முடிவெடுக்க இவை போதாது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள்தான் நம் ஸ்கிரீன்ஷாட் ஆட்கள்.

மூன்றும் காட்டும் எண்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் அவை வரும் வழி வேறு வேறு. கீப்ட்ரேட்கட் தளத்தைத் திறந்தால் மூன்று வீரர்களைக் காட்டி, ஒருவரை வைத்துக்கொள், ஒருவரை ட்ரேடு செய், ஒருவரை வெட்டிவிடு என்று கேட்கும். வருகிறவர்கள் எல்லோரும் இப்படிப் போடும் ஓட்டிலிருந்துதான் ஒவ்வொரு வீரருக்கும் 9999 வரை ஓர் எண் கிடைக்கிறது. அதாவது அவர் அடுத்த வாரம் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, ஊரில் அவர்மேல் எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஃபேன்டஸிகால்க் ஓட்டு கேட்பதில்லை, உண்மையான லீக்குகளில் நடந்து முடிந்த ட்ரேடுகளை அலசி அதிலிருந்து விலையைக் கணக்கிடுகிறது. ஃபேன்டஸிபுரோஸ் பல நிபுணர்களின் தரவரிசையைச் சேர்த்து சராசரி எடுக்கும் தளம், அதன் ட்ரேடு கருவியும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஆக ஓட்டு, சந்தை, நிபுணர் என்று மூன்று விதமான கருத்துகள். மூன்றும் ஒத்துப்போனால் விலை அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாதபோதுதான் எனக்கு ஆர்வமே வரும், ஏனென்றால் அங்கேதான் பேரத்துக்கு இடம் இருக்கிறது.

2023 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். பூகா நகூவா, என்எஃப்எல் அணிகள் புதியவர்களை எடுக்கும் ட்ராஃப்டில் ஐந்தாம் ரவுண்டில் ராம்ஸ் அணி எடுத்த பையன், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர். அதே அணியின் ஸ்டார் ரிசீவர் கூப்பர் கப் காயத்தில் உட்கார்ந்திருந்ததால் முதல் வாரமே வாய்ப்பு வந்தது, 10 கேட்ச். இரண்டாம் வாரம் 15. ஓட்டு போடும் கூட்டம் உடனே மேலே தூக்கிவிட்டது, "இப்போதே நல்ல விலைக்கு விற்றுவிடு, கப் திரும்பினால் இவன் காலி" என்ற அறிவுரையும் எல்லாப் பக்கமும் ஓடியது. கப் ஐந்தாம் வாரம் திரும்பினார். நகூவா சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு, இரண்டுமே அப்போது அறிமுக வீரருக்கான சாதனை. இப்படி ஒரு வீரரின் விலை வேகமாக நகரும் வாரங்களில் எந்தத் தளத்தின் எண்ணையும் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டுக்கு ஒன்று ட்ரேடு. எங்கள் லீக்கில் வரும் ஆஃபர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்: "உன் ஸ்டாரைக் கொடு, என்னிடம் இருக்கும் சுமாரான இருவரை வைத்துக்கொள், கால்குலேட்டரில் உனக்குத்தான் லாபம்." இரண்டு ஐந்து ரூபாய் சேர்ந்தால் பத்து ரூபாய், ஃபேன்டஸியில் சேராது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். வாரம் 20 புள்ளி எடுக்கும் ரிசீவரைக் கொடுத்துவிட்டு ஆளுக்கு 13 எடுக்கும் இருவரை வாங்குகிறீர்கள். 20 போய் 26 வருகிறது, லாபம் 6 என்று தோன்றும். ஆனால் ஸ்டார் ஆடிய இடம் ஒன்றுதான், அங்கே ஒரு 13 உட்காரும். இன்னொரு 13 ஆட வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸில் (ரிசீவரோ, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கோ யாரையும் வைக்கக்கூடிய இடம்) ஏற்கெனவே 11 எடுத்துக்கொண்டிருந்தவர் பெஞ்சுக்குப் போக வேண்டும். முன்னால் 20 + 11 = 31, இப்போது 13 + 13 = 26. வாரத்துக்கு 5 புள்ளி அம்போ. அதோடு ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) இடம் செய்ய யாரையாவது விடுவிக்கவும் வேண்டும், அவரை அடுத்த நாளே வேவரில் (யார் அணியிலும் இல்லாதவர்கள் பட்டியலில்) இருந்து வேறு ஒருவன் அள்ளிக்கொள்வான். எதிர்ப்பக்கம் பாருங்கள், அவன் 26 கொடுத்து 20 வாங்கினான், காலியான இடத்தை வேவரில் கிடைக்கும் 8 புள்ளி ஆளை வைத்து நிரப்பினால் 28. அவனுக்கு 2 லாபம்.

இதே ட்ரேடை அப்படியே திருப்பியும் பார்க்கலாம். உங்கள் அணியில் காயம், பை வீக் (வீரரின் நிஜ அணிக்கு ஆட்டம் இல்லாத வாரம்) எல்லாம் ஒன்றாக வந்து ஃப்ளெக்ஸில் 5 புள்ளி ஆள்தான் ஆடுகிறார் என்றால் 20 + 5 = 25, ட்ரேடுக்குப் பிறகு 26. இப்போது அது உங்களுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. வீரர்கள் மாறவில்லை, கால்குலேட்டர் எண்ணும் மாறவில்லை, ஆனால் முடிவு தலைகீழ். ஒரு ட்ரேடு நியாயமா என்று என்னிடம் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நான் முதலில் கேட்பது "ரெண்டு பேரோட முழு ரோஸ்டரையும் அனுப்புடா" என்பதுதான். அது இல்லாமல் பதில் சொல்கிறவர்கள் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்கள்.

கீப்ட்ரேட்கட் இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் இல்லை. குறைவான ஆட்களை, ஆனால் பெரிய ஆளைக் கொடுக்கும் பக்கத்துக்குக் கூடுதலாக மதிப்பு சேர்த்துக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. நல்ல யோசனை, பல அரைகுறை ஆஃபர்களை அதுவே வடிகட்டிவிடுகிறது. ஆனாலும் அது பொதுவான திருத்தம்தானே, உங்கள் ஃப்ளெக்ஸில் 11 ஆடுகிறாரா 5 ஆடுகிறாரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

அடுத்தது செட்டிங்ஸ். பலர் இதைத் தொடுவதே இல்லை. ஒரு ரிசீவர் 6 கேட்ச், 50 யார்டு எடுக்கிறார். ஒரு ரன்னிங் பேக் 70 யார்டு ஓடி, 5 யார்டுக்கு ஒரு கேட்ச் பிடிக்கிறார். 10 யார்டுக்கு ஒரு புள்ளி, கேட்சுக்குப் புள்ளி இல்லை என்ற பழைய முறையில் ரிசீவருக்கு 5, ரன்னிங் பேக்குக்கு 7.5. கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆர் முறையில் 11-க்கு 8.5, ஆள் மாறிவிடுகிறது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) விஷயம் இன்னும் மோசம். 12 பேர் லீக்கில் ஆளுக்கு ஒரு குவார்ட்டர்பேக் என்றால் என்எஃப்எல்லில் இருக்கும் 32 அணிகளில் 12 பேர் போதும், வேவரில் ஓரளவு நல்லவர் எப்போதும் கிடப்பார். அதே லீக் சூப்பர்ஃப்ளெக்ஸ் (ஃப்ளெக்ஸில் இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் ஆட வைக்கலாம்) என்றால் கிட்டத்தட்ட 24 பேர் தேவை, பை வீக்குக்கு மாற்று ஆளும் சேர்த்தால் சந்தையே வறண்டுவிடும். சுமாரான குவார்ட்டர்பேக்குக்குக்கூட முதல் ரவுண்டு பிக் (ட்ராஃப்டில் வீரரை எடுக்கும் வாய்ப்பு) கேட்பார்கள், கொடுக்கவும் செய்வார்கள். ஆகவே கால்குலேட்டர் சூப்பர்ஃப்ளெக்ஸில் இருக்கிறதா, ஒற்றைக் குவார்ட்டர்பேக்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு மரியாதையே கிடையாது. எங்கள் குழுவில் நடக்கும் சண்டைகளில் பாதி இதில்தான் தொடங்கும். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது ஃபேன்டஸிகால்க், அணிகளின் எண்ணிக்கை, குவார்ட்டர்பேக், பிபிஆர் எல்லாவற்றையும் சுலபமாக மாற்றிக்கொள்ளலாம்.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். என்எஃப்எல் வழக்கமான சீசன் 18 வாரம், ஃபேன்டஸி பிளேஆஃப் பெரும்பாலும் 15 முதல் 17 வரை. 2024-ல் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியைப் பெரும்பாலான லீக்குகளில் முதல் ஆளாக எடுத்தார்கள், ஏன் எடுக்க மாட்டார்கள், முந்தைய சீசனில் மொத்தம் 21 டச்டவுன். அகிலிஸ் (குதிகால் தசைநாண்) பிரச்சினையால் சீசனின் முதல் பாதியில் ஆடவே இல்லை, நவம்பரில் திரும்பினார், டிசம்பர் முதல் நாள் பஃபலோவில் முழங்கால் போனது. மொத்தம் 4 ஆட்டம். அக்டோபரில் அவரை வைத்திருந்தவன் என்ன விலை சொல்ல வேண்டும்? 6 வெற்றி 1 தோல்வி என்று இருக்கும் அணி அவரை வாங்கி நவம்பர் வரை பெஞ்சில் வைத்திருக்கலாம், நோக்கமே பிளேஆஃப்தான். 2 வெற்றி 5 தோல்வி என்று தத்தளிப்பவனுக்கு நாளைக்கு ஆடும் ஆள் வேண்டும், நவம்பரில் வரும் ஸ்டார் அவனுக்கு எதற்கு? இந்த இருவருக்குள் நடந்த மெக்காஃப்ரி ட்ரேடு எதுவாக இருந்தாலும் அன்றைய தேதிக்கு நியாயம்தான். டிசம்பரில் அவர் விழுந்தபிறகு "நீ அவனை ஏமாத்திட்ட" என்று சொல்வது சரியில்லை, பஃபலோவில் என்ன நடக்கும் என்று அக்டோபரில் யாருக்கும் தெரியாது.

என்எஃப்எல் அணிகளுக்குள் நிஜ ட்ரேடுகள் நடக்கும் நாளிலும் கொஞ்சம் பொறுமை தேவை. 2024 அக்டோபர் 15 அன்று ஒரே நாளில் ரிசீவர்கள் டவான்டே ஆடம்ஸ் ஜெட்ஸ் அணிக்கும் அமாரி கூப்பர் பில்ஸ் அணிக்கும் போனார்கள். கூப்பருக்கு பில்ஸின் ஸ்டார் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்து எறியப் போகிறார் என்றதும் எல்லோருக்கும் கை பரபரத்தது. பில்ஸில் அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் நான் வாங்கும் பக்கம் நிற்பதில்லை, என்னிடம் அந்த ஆள் இருந்தால் விற்கும் பக்கம் நிற்பேன்.

டைனஸ்டியில் வரும் எதிர்கால பிக்குகளை விலை போடுவதுதான் எனக்கு இன்னும் ஒழுங்காகப் பிடிபடாத கலை. அடுத்த ஆண்டு முதல் ரவுண்டு பிக் என்றால் அது 1-ஆவதா 12-ஆவதா என்று இப்போது யாருக்குத் தெரியும்? தளங்கள் முன், நடு, பின் என்று பிரித்து எண் தரும், அதில் எதைத் தேர்வு செய்வது என்பது உங்கள் ஊகம். கொடுப்பவனின் அணியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்: வயதான ரன்னிங் பேக்குகளை நம்பி ஓடும் அணி என்றால் அது கீழே சரிந்து, அதன் பிக் மேலே வர வாய்ப்பு அதிகம், நான் அங்கே நின்று பேரம் பேசுவேன். இன்னொன்று, ஓட்டில் வரும் எண்கள் எப்போதும் இளம் வீரர்கள் பக்கம் சாயும் என்பது என் கணிப்பு. இந்த ஆண்டே கோப்பைக்கு ஆடும் அணிக்கு 30 வயதைத் தாண்டிய நல்ல ரிசீவரைவிட மலிவான சரக்கு கிடையாது.

வீரருக்கும் பிக்குக்கும் எண் ஒட்டும் இந்தப் பழக்கம் ஃபேன்டஸிக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. என்எஃப்எல் அணியான டல்லஸ் கவ்பாய்ஸின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஓர் அட்டவணை இருக்கிறது, ட்ராஃப்டின் முதல் பிக்குக்கு 3000, இரண்டாவதுக்கு 2600 என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். அதே ஜான்சன் இருந்த கவ்பாய்ஸ்தான் 1989 அக்டோபரில் ரன்னிங் பேக் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து வீரர்களும் பிக்குகளுமாக அள்ளிக்கொண்டு வந்தது. அதன்பின் டல்லஸ் 1992, 1993, 1995 சீசன்களில் என்எஃப்எல் கோப்பையான சூப்பர் பவுல் ஜெயித்தது. வைக்கிங்ஸ் இன்றுவரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை. அந்த ட்ரேடை யாரும் வீட்டோ செய்து ரத்தாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டோ பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கால்குலேட்டர் ஒரு பக்கம் 20 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்பதற்காக மற்றவர்கள் கூடி ட்ரேடை ரத்து செய்வது அராஜகம். பெரும்பாலும் அது நியாய உணர்வில் வருவதில்லை, எதிரணி பலமாகிவிடுமே என்ற வயிற்றெரிச்சலில் வருகிறது. பிளேஆஃப் வாய்ப்பு போன ஒருவன் தன் நெருங்கிய நண்பனுக்கு ஸ்டாரைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறான், பரிசுத்தொகையைப் பிறகு பங்கு போடப் பேசிவைத்திருக்கிறான் என்றால் லீக்கை நடத்தும் கமிஷனர் நுழையட்டும். மற்றபடி ஒருவன் தன் அணியைத் தானே கெடுத்துக்கொள்ளவும் அவனுக்கு உரிமை இருக்கிறது. நாங்கள் ஓட்டு முறையை எடுத்துவிட்டு, கூட்டுச் சதிக்கு மட்டும் கமிஷனர் தலையிடலாம் என்று மாற்றிக்கொண்டோம், குழுவில் சத்தம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி குறையப்போவதில்லை.

இப்போது நான் ஆஃபர் அனுப்பும் விதம் இப்படி. முதலில் இரண்டு தளங்களில் போட்டுப் பார்க்கிறேன், வித்தியாசம் அபத்தமாக இருந்தால் அனுப்புவதில்லை, ஏனென்றால் ஒரு முறை குப்பை ஆஃபர் அனுப்பினால் அந்த ஆள் அடுத்த நல்ல ஆஃபரையும் திறந்து பார்க்க மாட்டான். அப்புறம் தளங்களை மூடிவிட்டு இரண்டு அணிகளின் தொடக்க வரிசையையும் ட்ரேடுக்கு முன், பின் என்று எழுதிப் பார்க்கிறேன், பை வீக், 15 முதல் 17 வாரம் வரை யாரோடு ஆட்டம் என்பதும் அதில் சேரும். இரண்டு பக்கமும் கூடினால்தான் செய்தி போகும், அதில் எண் எதுவும் இருக்காது. "மச்சி, உனக்கு ரன்னிங் பேக் ரெண்டு பேரும் ஒம்பதாவது வாரம் பை, எங்கிட்ட ஒருத்தன் சும்மா பெஞ்சுல உக்காந்திருக்கான், உன் மூணாவது ரிசீவரைக் கொடுக்கிறியா" என்று கேட்டால் பதிலாவது வருகிறது. "கால்குலேட்டர்ல உனக்கு 300 லாபம்" என்று அனுப்பினால் அவன் வேறொரு கால்குலேட்டரின் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வருவான்.

புதிதாக வாங்குபவர்கள் கேட்பதால் ஒரு வரி: எதற்கும் காசு கொடுக்கும் முன்னால் இலவசமாகக் கிடைக்கும் கீப்ட்ரேட்கட்டையும் ஃபேன்டஸிகால்க்கையும் ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள். ஆண்டுதோறும் புதிதாக ட்ராஃப்ட் செய்யும் லீக்குக்கு இரண்டாவது, டைனஸ்டிக்கு இரண்டும்.