இழுத்து நீட்டுற அலுமினிய ஏணி: எங்கட வீடுகளுக்குச் சரிவருமோ?

சில வருசமா வீட்டில பாவிக்கிறம், 3.8 மீற்றர் நீளுற சாமான், கடையில ரெலஸ்கோப்பிக் லாடர் எண்டு கேட்டா எடுத்துத் தருவினம். என்ர முடிவு என்னெண்டா, சுவரோட சாய்ச்சுச் செய்யிற வீட்டு வேலைக்கு இது அருமை, மரத்துக்கும் கரண்ட் வேலைக்கும் வேண்டவே வேண்டாம்.

சுருக்கினா ஒரு மீற்றர் கூட வராது, அலுமாரிக்குப் பின்னால நிக்கும், ஓட்டோக்குள்ள வைச்சு அக்கா வீட்டுக்கும் கொண்டு போகலாம். பழைய மர ஏணியைத் தூக்க ரெண்டு பேர் வேணும், மாரிக்கு வெளியில கிடந்து கறையானும் பிடிக்கும். இது பத்துப் பன்னிரண்டு கிலோ வரும், அம்மாவே தனிய எடுத்து வைப்பா, பட்டியை மட்டும் இறுக்கிக் கட்டோணும் இல்லாட்டி தூக்கேக்க துண்டுகள் நழுவி நீளும். மழை தொடங்க முதல் பீலியில அடைஞ்ச சருகு அள்ள, சுவருக்குப் பெயின்ற் அடிக்க எல்லாம் நல்ல வசதி. ஆனா நடு அறையில தொங்கிற ஃபான் துடைக்க உதவாது, சாய்க்க சுவர் இல்லையே, அதுக்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கிற மொடல்தான் எடுக்கோணும்.

இந்த ஏணியின்ர உயிர் பூட்டிலதான் கிடக்கு. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு பக்கமும் ஒரு ஊசி குழாயின்ர ஓட்டைக்குள்ள போய் விழோணும், அதிலதான் உங்கட முழுப் பாரமும் நிக்குது. டிக் எண்டு சத்தம் கேட்டாப்போல காணாது, ஏறமுதல் ஒவ்வொரு படியிலயும் இருக்கிற பூட்டுப் பொத்தானைக் கண்ணால பாருங்கோ, ஒரு பக்கம் மட்டும் பூட்டியிருந்தா ஏறவே கூடாது. எங்கட யாழ்ப்பாணப் பக்கத்துக்கு இதில ஒரு தனிப் பிரச்சினை இருக்கு, சோளகக் காத்து வீசத் தொடங்கினா புழுதி எல்லா இடமும் போய் இருக்கும், குழாய்க்குள்ள மணல் போனா பூட்டு இறுகும் இல்லாட்டி அரைகுறையா விழும். அதால வேலை முடிய ஈரத்துணியால ஒவ்வொரு குழாயையும் துடைச்சு, காயவிட்டுத்தான் சுருக்கிறது. எண்ணெய், கிரீஸ் பூசாதேங்கோ, அதில புழுதி ஒட்டி இன்னும் மோசமாகும். பருத்தித்துறை, மயிலிட்டி மாதிரி கடலோட இருக்கிற ஆக்கள் இன்னும் கவனம், அலுமினியத்துக்குக் கறள் பிடிக்காட்டிலும் உள்ளுக்கு இருக்கிற ஊசி, ஸ்பிறிங் இரும்பெண்டா உப்புக்காத்துக்கு நிண்டு பிடிக்காது. ஒரு பூட்டுப் பழுதானாலும் ஏணி முழுக்கப் பாவிக்கேலாது, மர ஏணிக்கு ஒரு படி மாத்தி அடிக்கிற மாதிரி இதுக்குச் செய்யேலாது.

ஏறேக்க நடுவில கொஞ்சம் வளைஞ்சு ஆடும், மேல போகப்போக குழாய் மெலிசாகிறதால அப்பிடித்தான், பழகாத ஆளுக்குப் பயம் வரும். நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி எண்டு ஏணிக்காலைச் சுவரில இருந்து தள்ளி வைக்கோணும், மேல் மூண்டு படியில நிக்கக்கூடாது. மழை பெய்த செம்மண்ணில ஒரு கால் மட்டும் புதையும், அகலமான பலகை போட்டு மட்டமாக்கிப்போட்டு ஏறுங்கோ.

முருங்கைக்காய் ஆய கொக்கத்தடி காணும். கொப்பில சாய்ச்சா கொப்பு அசையும், ஏணியும் சேந்து திரும்பும். மின்கம்பத்தில இருந்து வீட்டுக்கு வாற வயருக்குக் கிட்ட இதை நீட்டவே கூடாது, அலுமினியத்தில 230 வோல்ற் பாஞ்சா ஆள் தப்புறது கஷ்டம். அந்த வேலைக்கு ஃபைபர் ஏணி இருக்கு.

சுருக்கேக்க சின்னப்பிள்ளையள் பக்கத்தில நிக்கக்கூடாது, படிகள் படபடவெண்டு விழும், விரல் நசியும். மெதுவா இறங்கிற மொடல் கொஞ்சம் விலை கூட, ஆனா அதையே எடுங்கோ. ஏணிக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 131 எண்டு போட்டிருக்கோ, 150 கிலோ தாங்குமோ, நீட்டமான ஏணியெண்டா அடியில குறுக்குச் சட்டம் இருக்கோ எண்டு பாருங்கோ. ஸ்ரிக்கரை மட்டும் நம்பாம கடையிலயே முழுசா இழுத்து, எல்லாப் பூட்டும் விழுகுதோ எண்டு பாத்து வாங்குங்கோ, இழுத்துப் பாக்க விடாட்டி வேற கடைக்குப் போங்கோ.