மைக் முன்னால் யார் நிற்பது?

எங்கள் பேண்டில் இப்போது மிச்சம் இரண்டு பேர். கிட்டார் வாசிக்கிறவன் ஒருவன், பேஸ் வாசிக்கிற நான் ஒருவன். டிரம்மர் மெல்போர்னுக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பாட்டு எழுதிப் பாடினவன் முந்தின வருஷம் ஆடியில் இறந்துபோனான். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலமே லீவு விட்டிருந்த நாள். அவன் வீட்டுத் தெருமுனையில் கட்டியிருந்த ஸ்பீக்கரை மட்டும் யாரோ போய்ச் சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

ஏழெட்டுப் பாட்டு அரைகுறையாகக் கிடக்கிறது. சேர்த்து ஆல்பமாகப் போடலாம் என்று கிட்டார்காரன்தான் ஆரம்பித்தான். "போடலாம் மாப்ள, யாரு பாடுறது?" என்று கேட்டேன். அதற்கு இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. ஏற்காட்டில் அவன் சித்தப்பா வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். ஆளைப் பறிகொடுத்த பிறகும் திரும்பி வந்த ராக் பேண்ட்களின் ஆல்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். வெளியே மழை, உள்ளே சண்டை.

முதலில் நம் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ஆள் எடுப்பதே குரல் ஒற்றுமையை வைத்துத்தான். "இவரு டி.எம்.எஸ். குரலு, அந்தம்மா சுசீலா குரலு" என்றுதான் அறிமுகமே நடக்கும். கண்ணை மூடிக் கேட்டால் அசல் போலவே இருக்க வேண்டும், அதுதான் பாராட்டு. அந்த மேடைகளைப் பார்த்து வளர்ந்த நாங்கள், போனவன் மாதிரியே பாடும் ஒரு பையனைத் தேடுவதுதான் முறை என்று நம்பியிருந்தோம்.

புதுத் தொண்டை

இந்த வழிக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் ஏசி/டிசி. பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். வயது 33. அதே வருஷம் ஜூலை 25 அன்று, பிரையன் ஜான்சன் என்ற புதுக் குரலோடு 'பேக் இன் பிளாக்' வெளிவந்துவிட்டது. நடுவில் ஐந்தே மாதம். நம் வீடுகளில் வருஷத் திதிகூடக் கொடுத்திருக்க மாட்டோம். துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு, முதல் பாட்டு மணியோசையில் தொடங்கும். அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் போயிருக்கிறது.

இதைக் காட்டி, "பாத்தியா, ஆளை மாத்துனா போதும்" என்றான் கிட்டார்காரன். எனக்கு ஒப்பவில்லை. ஜான்சன், ஸ்காட்டைப் போலப் பாடவே இல்லை. ஸ்காட் குரலில் ஒரு குறும்பு, ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கும். இவர் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தக் கத்தலை ஸ்காட்டே முன்பு ஒரு மேடையில் பார்த்து வியந்து, கூட இருந்தவர்களிடம் சொல்லியிருந்தாராம். ஆனால் அந்த ஆல்பம் நின்றதற்குக் காரணம் குரல் இல்லை. மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பியின் கிட்டார் அப்படியே இருந்தது. தட்டுவடை செட்டில் மேல் தட்டையை மாற்றி வைத்தாலும் நடுவில் பூசிய சட்னி அதேதான், அந்த மாதிரி. பிற்பாடு அந்தச் சட்னிக்கே ஆபத்து வந்தது. மறதி நோயால் 2014இல் விலகிய மால்கம் 2017 நவம்பரில் இறந்தார். 2020இல் வந்த 'பவர் அப்' ஆல்பத்தில் அவர் இடத்தில் வாசித்தது அண்ணன் மகன் ஸ்டீவி யங். பாட்டுகளுக்கு மட்டும் ஆங்கஸ், மால்கம் இருவர் பெயரையும்தான் போட்டார்கள், பழைய மெட்டுகள் அவர்கள் சேர்ந்து சேர்த்து வைத்தவை என்பதால். ஆளுக்குப் பதில் ஆள் வந்தாலும் கையெழுத்து மாறவில்லை.

இதற்கு நேர் எதிர் லிங்கின் பார்க். செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலையில் போன பிறகு ஏழு வருஷம் காத்திருந்து, எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைப் பாடகியாக்கி, 2024 நவம்பரில் 'ஃபிரம் ஜீரோ' போட்டார்கள். பழைய டிரம்மரும் திரும்பவில்லை, அங்கேயும் புது ஆள். பெண் குரல் என்றதும் "அவர் மாதிரி இருக்கா?" என்ற கேள்வி பாதியில் அடிபட்டுப் போகிறது. கெட்டிக்கார யோசனைதான். ஆனால் மைக் ஷினோடா என்ற இன்னொரு குரலும், எழுதும் கையும் ஆரம்பத்திலிருந்து அங்கேயே இருந்தது. அது இல்லாமல் இந்த யோசனை பலித்திருக்காது.

நடுவில் ஒரு புலம்பல், பேஸ் வாசிக்கிறவன் என்ற உரிமையில். மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அடுத்து 1988இல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டுப் பாருங்கள், பேஸ் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஆளை எடுத்தார்கள், அவர் ஒலியை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மருமகளை அடுப்படியிலேயே நிறுத்தி வைத்த கதை. புது ஆள் வழியில் போகிறவர்கள் 'பேக் இன் பிளாக்' கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பது நல்லது.

உள்ளே இருப்பவனே பாடுவது

ஜாய் டிவிஷன் பேண்டின் இயன் கர்டிஸ், அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பும் தறுவாயில், 1980 மே 18 அன்று இறந்தார். நால்வரில் யார் போனாலும் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்களாம். மிச்சமிருந்த மூவரும் நியூ ஆர்டர் ஆனார்கள். கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னர் பாட ஆரம்பித்தார். அவர் குரல் சாதாரணம், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். 1981இல் வந்த 'மூவ்மென்ட்' இரண்டுங்கெட்டான் ஆல்பம். யார் வீட்டுச் சட்டையையோ போட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஆனால் இரண்டே வருஷத்தில் 'ப்ளூ மண்டே' வந்தது. பழையவன் போட்ட பாதையை விட்டு, நடன இசைப் பக்கம் திரும்பின பிறகுதான் அந்தச் சாதாரணக் குரல் பொருந்தி உட்கார்ந்தது.

அதே வழியில் போன டோர்ஸ் கவிழ்ந்தது. ஜிம் மாரிசன் 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தார். கீபோர்டு மன்சரெக்கும் கிட்டார் கிரீகரும் பாடி, அக்டோபரிலேயே 'அதர் வாய்சஸ்' போட்டார்கள். அடுத்த வருஷம் இன்னொன்று. 1973இல் கடை மூடியாகிவிட்டது. இத்தனைக்கும் அவர்களுடைய மிகப் பெரிய வெற்றியான 'லைட் மை ஃபயர்' பெரும்பாலும் கிரீகர் எழுதியது. எழுதுகிறவன் இருந்தால் பிழைக்கலாம் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன், இது அதில் ஓட்டை போட்டது. அதே பெயரில், அதே மாதிரிப் பாட்டில், மாரிசன் நின்ற இடத்தில் யாரும் நிற்காமல் இருந்ததே அவர்களுக்குக் குறையாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது ஆலிஸ் இன் செயின்ஸ். லேன் ஸ்டேலி 2002 ஏப்ரலில் இறந்தார். 1995க்குப் பிறகு ஸ்டுடியோ ஆல்பமே இல்லை. பதினான்கு வருஷம் கழித்து 2009 செப்டம்பரில் 'பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ' வந்தது. வில்லியம் டுவால் என்ற புதுப் பாடகர் சேர்ந்திருந்தார், ஆனால் அவரை ஸ்டேலி நின்ற இடத்தில் தள்ளிவிடவில்லை. அந்த பேண்டின் அடையாளமே ஸ்டேலியும் கிட்டார் ஜெரி கான்ட்ரெலும் ஒட்டிப் பாடும் இரட்டைக் குரல். புது ஆல்பத்தில் கான்ட்ரெல் முன்னால் வந்துவிட்டார், டுவால் பக்கத்துக் குரலாக ஒட்டிக்கொண்டார். கேட்கும்போது பழைய வீட்டில் சாமான்களை இடம் மாற்றிப் போட்ட மாதிரி இருக்கிறது, வேறு வீடு மாதிரி இல்லை. ஸ்டேலிக்கான கடைசிப் பாட்டில் எல்டன் ஜான் பியானோ வாசிக்கிறார். அது முடிந்ததும் கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை.

ஃபூ ஃபைட்டர்ஸ் இதிலேயே வேறு ஒரு வகை. டிரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச்சில் போகோட்டாவில் இறந்ததும், அடுத்த வருஷ ஆல்பத்துக்கு டேவ் குரோலே டிரம்ஸில் உட்கார்ந்துவிட்டார். அவர் அடிப்படையில் டிரம்மர், முடிந்தது. எங்களுக்கு உதவாது.

போனவன் குரலையே வைத்துக்கொள்வது

எங்கள் பாடகன் மொபைலில் பதினோரு குரல் பதிவுகள் இருக்கின்றன. அம்மா எங்களிடம் கொடுத்திருக்கிறார். அதனால் இந்த வழியைத் தாண்டிப் போக முடியவில்லை.

குவீன் பேண்ட், ஃபிரெடி மெர்க்குரி இறந்து நான்கு வருஷம் கழித்து 1995இல் 'மேட் இன் ஹெவன்' போட்டது, அவர் விட்டுப்போன குரலை வைத்து. அதில் 'மதர் லவ்' பாட்டில் கடைசிச் சரணத்தை அவரால் பாடி முடிக்க முடியவில்லை. பிரையன் மே பாடியிருக்கிறார். குரல் மாறும் அந்த இடத்தை மறைக்கவில்லை. அதனாலேயே எனக்கு அது பிடிக்கிறது. பீட்டில்ஸ் 2023இல் 'நவ் அண்ட் தென்' வெளியிட்டபோது, ஜான் லெனானின் பழைய கேசட்டிலிருந்து பியானோவையும் இரைச்சலையும் கணினியால் பிரித்து, குரலை மட்டும் எடுத்தார்கள். 90களில் முடியாமல் கைவிட்ட வேலை அது.

இங்கே ஏ.ஆர். ரஹ்மான் 2024இல் 'லால் சலாம்' படத்தில் இன்னும் ஒரு படி போனார். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரும் பாடாத பாட்டை அவர்கள் குரலில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். குடும்பங்களின் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். முறையாகச் செய்தார் என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லெனான் பாடியதைத் துடைத்து எடுப்பது வேறு, பாடாததைப் பாட வைப்பது வேறு. எங்கள் ஆளை அப்படிப் பாட வைத்தால் சுருதி சுத்தமாக இருக்கும். அவன் சுருதி என்றைக்குச் சுத்தமாக இருந்தது?

நிறுத்திவிடுவது

லெட் செப்பலின் டிரம்மர் ஜான் போனம் 1980 செப்டம்பர் 25 அன்று இறந்தார். டிசம்பரில், இனி தொடர முடியாது என்று அறிக்கை விட்டார்கள். கௌரவமான முடிவு. சரியாக நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில்தான் எஸ்.பி.பி. போனார் என்பதைக் கிட்டார்காரன் சொல்லித்தான் கவனித்தேன். நிறுத்துவதற்கும் ஒரு பெயர் வேண்டுமே, எட்டுக் காலேஜ் மேடையும் ஒரு கல்யாணமும் மட்டும் கண்ட நாங்கள் நிறுத்தினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

எங்களுக்கு எது

குரல் யாருடையது என்பதற்கு முன்னால், பாட்டு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏசி/டிசிக்குக் கிட்டார் மிச்சம் இருந்தது. எங்களுக்கு வரியும் மெட்டும் போனவனுடையவை. அவன் மாதிரிப் பாடும் பையனை ஆர்கெஸ்ட்ராவிலிருந்து கூட்டிவந்தால், எங்கள் பாட்டுக்கே நாங்கள், அசலை நகலெடுத்துப் பாடும் கவர் பேண்ட் ஆகிவிடுவோம். அவன் அம்மாவிடம் சம்மதம் கேட்கப் போனபோது அவரும் அதையேதான் சொன்னார்: "அவன் பேரைச் சொல்லிப் பாடுங்கப்பா. அவனாட்டம் மட்டும் பாட வேணாம், எனக்குத் தாங்காது."

அதனால் என் ஓட்டு ஆலிஸ் இன் செயின்ஸ் வழிக்கு. கிட்டார்காரன் எல்லாப் பல்லவியிலும் இரண்டாம் குரல் பாடியவன். அவன் முன்னால் வர வேண்டும், புதிதாக வருகிறவர் பக்கத்தில் நிற்கட்டும். "என் குரலு சகிக்காதுடா" என்றான். சம்னரைப் போட்டுக் காட்டினேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம், மழை விட்டதும், பாடிப் பார்த்தான். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. இத்தனை வருஷமும் இரண்டாம் குரலையே பாடிப் பழகியவனுக்கு மெயின் மெட்டு வாயில் வரவில்லை. கிட்டாரில் சரியாக வாசிக்கிறான், பாட ஆரம்பித்தால் தானாகக் கீழே இறங்கிப் போய் அவன் பழைய இடத்தில் நின்றுகொள்கிறான். மேலே ஒருவன் பாடிக்கொண்டிருப்பது போலவே விட்டு விட்டுப் பாடுகிறான்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேசாமல் இறங்கி வந்தோம். அஸ்தம்பட்டி வந்ததும் அந்தப் பதினோரு பதிவுகளையும் தன் மொபைலுக்கு அனுப்பச் சொன்னான். ஆல்பத்தில் போடுவதற்கு இல்லை, மெட்டுப் படிப்பதற்கு. தினமும் ராத்திரி காதில் மாட்டிக்கொண்டு பழகுகிறான். மூன்றாவது பாட்டின் சரணத்தில் இன்னும் கீழே இறங்கிவிடுகிறான்.