பாலையூற்றுப் பட்டறையும் எங்கள் பாண்ட் போட்டியும்

திருகோணமலையில் பாண்ட் கருவிகளைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறாரா என்று இந்தத் தவணையில் மட்டும் ஐந்து ஆசிரியர்கள் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இருக்கிறார். பாலையூற்றில், வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகை ஒன்றில் வேலை செய்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் அடி நசுங்கிய பழைய யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுகருவிதான் அடையாளம். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது. போட்டி நடத்தப்போகிறவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

பதினான்கு வருடங்களாக மாணவிகளின் பாண்ட் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியை. சில வருடங்களுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் நடந்த போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றேன். ஏழு வாரப் பயிற்சி. இரண்டாவது அணிநடைப் பாடலின் நடுவில், முதல் வரிசையில் நின்ற தரம் 10 மாணவியின் கோர்னெட்டில் (ட்ரம்பெட் போன்ற சிறிய ஊதுகருவி) விரலால் அழுத்தும் இரண்டாவது வால்வு கீழே போனது, மேலே வரவில்லை. அவள் கருவியை வாயிலிருந்து எடுக்காமல், ஒலி இல்லாமலே கடைசி வரை நடந்தாள். மைதானத்தில் அழவில்லை. ஊர் திரும்பும் வழியில், ஹபரணை தாண்டி பஸ்ஸில் விளக்கு அணைத்த பிறகுதான் அழுதாள். அந்த மைதானத்தில் மேடை இருந்தது, பந்தல் இருந்தது, பொன்னாடைகள் இருந்தன. ஒரு துளி வால்வு எண்ணெயோடு உட்கார்ந்திருக்க ஒருவரை வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அடுத்து நாங்கள் போட்டி நடத்தினால் இந்தக் குறை இருக்கக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன்.

2023இல் இங்கிலாந்தின் ஓல்டாமில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, பெந்தகோஸ்தே ஞாயிறுக்கு அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மாலை என்னை டெல்ஃப் என்ற கிராமத்துக்குக் கூட்டிச் சென்றான். விட் வெள்ளி என்று அதற்குப் பெயர். சாடில்வொர்த், டேம்சைட் பகுதிகளில் ஏறக்குறைய இருபது ஊர்களில் ஒரே மாலையில் பித்தளை வாத்தியப் போட்டி நடக்கிறது. வெளிநாட்டுக் குழுக்களும் வருவதுண்டு. ஒவ்வொரு குழுவும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போகும். இறங்கித் தெருமுனையில் வரிசை கட்டும், ஓர் அணிநடைப் பாடலை வாசித்துக்கொண்டே நடந்து வரும், குறித்த இடத்தில் நின்று இன்னொன்றை வாசிக்கும். பிறகு பஸ் ஏறி அடுத்த ஊர். நடுவர் வெளியே தெரியமாட்டார். ஓர் ஊரில் மாடி அறை, இன்னோர் ஊரில் திரை மூடிய கரவன் வண்டி. எந்தக் குழு வாசிக்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. காது மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது.

1853இல் மான்செஸ்டர் பெல் வியூவில் பெரிய போட்டி தொடங்கிய காலத்திலிருந்து அந்த நாட்டில் இது ஊறிப்போன பழக்கம். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் வளர்த்த கலை. இருபத்தைந்து பேருக்கு மேல் வாசிக்கும் ஒரு குழுவில் கோர்னெட் மட்டும் பத்து இருக்கும். கூட்டம் வரிசையைப் பார்த்துக் கைதட்டியபோது என் கண் பஸ் படிக்கட்டில் நின்றது. ஒரு வயதான மனிதர் மடியில் துணி விரித்து, சின்னத் திருகாணி ஓட்டியால் ஒரு கோர்னெட்டின் எச்சில் வடிக்கும் சாவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்று நிமிடம். வாங்கிக்கொண்ட பெண் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்தாள். அந்தப் படிக்கட்டைத்தான் நான் திருகோணமலைக்குக் கொண்டுவர நினைத்தேன்.

கடந்த வருடம் ஆறு பாடசாலைகளின் குழுக்களோடு ஒரு நாள் போட்டியை நாங்கள் நடத்தினோம். ஒரு பாடல் நடந்தபடி, ஒரு பாடல் நின்றபடி. வரிசை எண் சீட்டுக் குலுக்கி. நடுவர் மாடி வகுப்பறையில், ஜன்னலுக்கு வெள்ளைத்துணி கட்டி. செலவுத் திட்டத்தில் முதல் வரியாகக் கருவிப் பழுதுபார்ப்பு என்று எழுதினேன். குழுவில் இருந்த பெற்றோர் சிலர் பதாகைக்கும் விருந்தினர் மாலைக்கும் எங்கே பணம் என்று கேட்டார்கள். பதாகையின் அளவைக் குறைத்தோம்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு எங்கள் பாடசாலையின் 23 கருவிகளையும் லொறியில் ஏற்றிப் பாலையூற்றுக்குக் கொண்டுபோனேன். கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் வாசமும் சூடான ஈயத்தின் வாசமும் கலந்து அடித்தன. மேசையில் பல அளவுகளில் இரும்பு உருண்டைகள், நீண்ட கம்பிகள், பல் வைத்தியரிடம் இருப்பது போன்ற ஒரு குட்டிக் கண்ணாடி. அவர் எதையும் அவசரமாகத் தொடவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, வால்வுகளைக் கழற்றாமலே அழுத்திப் பார்த்து, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். இரண்டு ட்ரம்பெட்டுகளை ஒதுக்கி வைத்தார். மவுத்பீஸ் செருகும் குழாயில் வெளியே பருப்பளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தன. துரு என்று நினைத்து நான் பொலிஷ் போட்டுத் தேய்த்துவந்த புள்ளிகள். "டீச்சர், இது வெளியிலிருந்து வருவதில்லை. உள்ளே எச்சில் நின்று பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. மிஞ்சியது செம்பு. தேய்த்தால் ஓட்டை விழும்" என்றார். கடற்கரை ஊரில் உப்புக்காற்று வேறு. வாரம் ஒரு முறை இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவி உலர்த்தியிருந்தால் வந்திருக்காது என்றும் சொன்னார். பதினான்கு வருடத்தில் இதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது ஒரு கம்பளி வளையம். எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் கோர்னெட் எப்போதும் மங்கலாகவே ஒலிக்கும். மூச்சுப் போதவில்லை, வயிற்றிலிருந்து ஊது என்று ஒரு வருடமாக அவளை நான் கண்டித்திருக்கிறேன். அவர் அந்தக் கருவியின் குழாய் ஒன்றைக் கழற்றி, குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு, டோர்ச் அடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். வால்வின் துளையும் குழாயின் துளையும் வட்டத்தோடு வட்டமாகப் பொருந்தவில்லை, பிறை போல ஓர் ஓரம் மூடியிருந்தது. வால்வின் தலையில் இருக்கும் கம்பளி வளையம் விரல் பட்டுப்பட்டு நைந்தால் வால்வு நூலளவு இடம் மாறும். அந்த நூலளவில் காற்று முட்டும். வளையத்தை மாற்றி ஊதச் சொன்னார். கூட வந்திருந்த அந்தப் பிள்ளை ஊதினாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அங்கேயே, அவர் முன்னாலேயே, அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

குறைகளையும் சொல்லவேண்டும். பத்து நாளில் தருகிறேன் என்றவர் பதினேழு நாள் எடுத்தார். போட்டிக்கு நான்கு நாள் முன்னர்தான் கடைசிக் கருவி வந்தது, அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. தொலைபேசியை எடுப்பதே அபூர்வம், நேரில் போகவேண்டும். ஈயம் வைத்த இடங்களில் மெருகு கருத்துத் தெரிகிறது. வெளிப்பூச்சு அவருடைய வேலை இல்லை. பற்றுச்சீட்டு எழுதித்தரச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். பாடசாலைக் கணக்குக்கு அது இல்லாமல் முடியாது என்பதை முதல் நாளே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

கூலி நியாயமானது. ஒரு கோர்னெட்டைக் கழற்றிக் கழுவி, கம்பளி மாற்றி, எண்ணெய் இட்டுத் தர 3,500 ரூபா வாங்கினார். விட்டுப்போன இணைப்புக்கு ஈயம் வைக்க 1,000. காப்பாற்ற முடியாத ஒரு ட்ரம்பெட்டுக்குக் காசு வாங்கவில்லை, அதிலிருந்து மூன்று திருகாணி மூடிகளை எடுத்து வேறு கருவிகளுக்குப் போட்டார்.

போட்டி நாளன்று 15,000 ரூபாவுக்கு வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்கார ஒப்புக்கொண்டார். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அவர் சொல்லித்தான் ஒரு விதியையும் மாற்றினோம். காலையில் சுருதி சேர்த்துவிட்டு வெயிலில் வரிசை நிற்பது எங்கள் வழக்கம். பித்தளைக் குழாயில் காற்றுச் சூடேறினால் சுருதி ஏறும், சேர்த்ததெல்லாம் வீணாகும். எனவே கருவிகளை நிழலில் வைத்து, களமிறங்குமுன் ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து நிமிடம் கொடுத்தோம். கச்சான் காற்றுக்கு இசைத்தாள் பறக்காமல் இருக்க உடுப்புக் கிளிப் பெட்டி ஒன்றையும் அவர் மேசையில் கொண்டுவந்து வைத்திருந்தார்.

மதியத்துக்குள் பதினொரு கருவிகள் அந்த மேசைக்கு வந்தன. நான்காவது எண் எடுத்த குழுவின் ட்ரொம்போன் சறுக்குக்குழாய் பஸ் இருக்கையில் அழுந்தி வளைந்திருந்தது. பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிருந்தது. எண்ணை மாற்றித் தாருங்கள் என்று அவர்களுடைய ஆசிரியர் என்னிடம் கெஞ்சினார். குலுக்கிய சீட்டை மாற்றினால் மற்ற ஐந்து குழுக்களுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? மாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. பழுதுபார்ப்பவர் தலையை நிமிர்த்தவில்லை. குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு விரலால் தடவி, மேசை விளிம்பில் பழந்துணி வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். திரும்பவும் பிடித்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். மூன்றாம் குழுவின் கடைசி மேளம் கேட்டபோது எண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டார். எண் மாறவில்லை. அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. எங்கள் பிள்ளைகள் மூன்றாம் இடம். தீர்ப்பை எதிர்த்து ஒருவரும் முறையிட வரவில்லை.

என்றாவது வெளிநாட்டுக் குழுக்களையும் இங்கே அழைக்கவேண்டும் என்பது என் ஆசை. மே முதல் செப்டெம்பர் வரை நம் ஊரில் மழைத் தொல்லை குறைவு, டச்சு வளைகுடாவை ஒட்டிய வீதி அணிநடைக்கென்றே போட்டதுபோல நீண்டு கிடக்கிறது. அதற்குமுன் பாலையூற்றுக்காரருக்குக் கீழே வேலை பழக இரண்டு இளைஞர்களாவது வேண்டும். அறுபதைத் தாண்டியவர், கண் மங்குகிறது என்கிறார். ஆர்வமுள்ள பழைய மாணவர்கள் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள், விரட்டமாட்டார்.

வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறும் கொட்டகை பூட்டியிருக்கும். போட்டிக்கு ஆறு வாரம் முன்னரே கருவிகளைக் கொடுங்கள், மூன்று வாரம் போதாது. கழற்றிய வால்வுகளைக் கலந்து பையில் போடாதீர்கள், ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது, மாறிப்போட்டால் காற்றே போகாது. ஊதுகிற பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அவர் முதலில் பிள்ளையை ஊதச் சொல்லிக் கேட்பார், பிறகுதான் கருவியைக் கையில் வாங்குவார்.