ஸ்டட் முறிந்தால் டிரில்லைத் தொட விடாதீர்கள்

பினாங்கு பட்டர்வொர்த் பக்கம் பழைய புரோட்டோன் வீரா, சாகா கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள், விஷயம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறது.

அப்பாவின் 1998 வீரா 1.5. காலையில் ஸ்டார்ட் செய்தால் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், சூடேறியதும் அடங்கிவிடும். கேஸ்கெட் (இடையில் வரும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது, 80 வெள்ளி (ரிங்கிட்) என்றார் பட்டறை போர்மேன்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷமாகச் சூட்டில் வெந்து துருப்பிடித்த நட்டு. ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை, எடுத்த எடுப்பில் காற்றழுத்தத்தில் நட்டைக் கழற்றும் ஏர் கன். மூன்றாவது நட்டில், நட்டு மாட்டியிருக்கும் திருகுக் கம்பியான ஸ்டட் பட்டென்று முறிந்து வெளியே வந்தது, மீதி எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. இதற்காக அவரைத் திட்ட மாட்டேன். பழைய காடியில் (காரில்) இது யார் கையிலும் நடக்கும். அதற்குப் பிறகு செய்ததுதான் அநியாயம்.

"ஒன்னும் இல்ல தம்பி, டிரில் போட்டு ஈஸி அவுட் வச்சா வந்துரும்." ஈஸி அவுட் என்பது முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, அதற்குள் இறக்கித் திருகி வெளியே எடுக்கும் கருவி.

டிரில் நழுவாமல் இருக்க நடுப்புள்ளி குத்தவில்லை, கை டிரில்லை அப்படியே வைத்து அழுத்தினார். முதலில் கறுத்த தூள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளி மாதிரி பளபளவென்று சுருள் சுருளாக வந்தது. நல்லா வேலை நடக்குது என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

மறுநாள் போனால், "ஹெட்டு வெடிச்சிருக்கு தம்பி, ஹாப் கட்டுல வேற ஹெட்டுதான் எடுக்கணும், 1,400 ஆகும்." ஹாப் கட் என்றால் பாதியாக வெட்டி உதிரிபாகத்துக்கு விற்கும் பழைய கார். போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். ஓட்டை ஓரமாகச் சாய்ந்திருந்தது, அதற்குள் ஈஸி அவுட் முனை ஒடிந்து மின்னியது. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூலி 150 வாங்கிக்கொண்டுதான் காடியை விட்டார். ரசீது கேட்டதற்குக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டோ டிரக்கில் ஏற்றி, பிறை ஊரில் எஞ்சின் மெஷினிங் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஹெட்டைக் கழற்றி அழுத்தம் கொடுத்துச் சோதித்தார், ஒரு வெடிப்பும் இல்லை. தூளைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். ஸ்டட் இரும்பு, ஹெட்டு அலுமினியம். டிரில் மெத்தென்ற பக்கம்தான் வழுக்கும். "காந்தத்துல ஒட்டாத தூளு வந்தப்பவே நிறுத்தியிருக்கணும் தம்பி." ஈஸி அவுட் சுலபமாக ஒடியும், ஒடிந்துவிட்டால் சாதாரண பிட்டு அதில் இறங்காது. கார்பைட் கட்டர் போட்டு மெல்ல மெல்ல அரைத்தெடுத்து, எம்8 ஹெலிகாயில் (ஓட்டைக்குப் புது மரை தரும் கம்பிச்சுருள்) வைத்துக் கொடுத்தார். மெஷின் வேலைக்கு 220 வெள்ளி. ஹெட் கேஸ்கெட், கழற்றி மாட்டும் கூலி தனி.

அந்த ஈஸி அவுட் மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால், முறிந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்திருப்பாராம். வெல்டிங் அலுமினியத்தில் பிடிக்காது, ஹெட்டுக்கும் சேதம் வராது. ஆகவே ஸ்டட் முறிந்ததும் "கை வைக்காதீங்கண்ணே" என்று சொல்லி, அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு காடியை இழுத்துப் போய்விடுங்கள்.

நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 வெள்ளிதான், வக்கீல் கிடையாது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருஷத்துக்குள் போட வேண்டும். மனுப் படிவத்தை நிரப்பிவிட்டேன். பெரியவர் பொறுக்கித் தந்த ஈஸி அவுட் துண்டுகள் ஒரு மாத்திரை டப்பாவில் இருக்கின்றன. விசாரணைக்கு அதையும் எடுத்துப் போகிறேன்.