பச்சைக் காபி கேப்ஸ்யூலா, ஊறவைத்த கொட்டையா, வீட்டு ஃபில்டர் காபியா?

போன மாதம் பெங்களூர் அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டு பொருள்களை மேசை மேல் வைத்து, "இதில எதை எடுத்துக்கலாம், நீயே பார்த்துச் சொல்லுடா" என்றாள். ஒன்று, ஜிம் டிரெய்னர் சொல்லி வாங்கிய பச்சைக் காபி கேப்ஸ்யூல் டப்பா. இன்னொன்று, தெரிந்தவர் ஒருவர் சிக்கமகளூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அரைக் கிலோ வறுக்காத காபிக்கொட்டை. அக்காவுக்குச் சுகர் பார்டரில் இருக்கிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறாள். இரண்டையும் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரே பெயர்தான்: எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் என்று சொல்லப்படும் குளோரோஜெனிக் அமிலம்.

பெயரைக் கேட்டால் குளோரின் ஞாபகம் வரும். ஆனால் இதில் குளோரின் கிடையாது. கிரேக்க மொழியில் வெளிர்பச்சையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கஃபெயிக் அமிலமும் குயினிக் அமிலமும் இணைந்து உண்டாவது. நாம் தினமும் பார்க்கிற பொருள்தான். கத்திரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப்போகிறதே, காற்று பட்டதும் காயில் உள்ள நொதி முக்கியமாக இந்த அமிலத்தின் மேல் வேலை செய்வதால்தான் அந்த நிறம். வறுக்காத காபிக்கொட்டையில் இது தாராளம். உலர் எடையில் அராபிகா வகைக் கொட்டையில் சுமார் 5 முதல் 8 சதவீதம், ரோபஸ்டா வகையில் அதைவிடக் கூடுதல். வறுக்க வறுக்கக் குறையும். கருகலாக வறுத்த கொட்டையில் கொஞ்சம்தான் மிஞ்சும். 'பச்சைக் காபி' என்று தனியாக ஒரு வியாபாரம் கிளம்பியதற்கு இதுதான் காரணம்.

முதலில் கேப்ஸ்யூலை எடுத்துக்கொள்கிறேன். மற்ற எதிலும் இல்லாத ஒரு வசதி அதில் இருக்கிறது: அளவு தெரியும். ஆனால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம். அக்காவின் டப்பாவில் முன்பக்கம் பெரிதாக 500 மி.கி. என்று போட்டிருந்தது. அது சாற்றின் எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் '50 சதவீதம் குளோரோஜெனிக் அமிலம்' என்று இருந்தது. ஆக, ஒரு கேப்ஸ்யூலில் 250 மி.கி.தான். கடையில் நின்று இன்னும் சில டப்பாக்களைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிரண்டில் சதவீதமே இல்லை, 'பச்சைக் காபிச் சாறு' என்பதோடு சரி. சதவீதம் போடாத டப்பாவை வாங்கவே கூடாது என்பேன். அளவு தெரியும் என்ற ஒரே நன்மையும் அங்கே போய்விடுகிறது. காஃபீன் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, அக்காவும் படிக்கவில்லை.

அடுத்து, இது வேலை செய்கிறதா? இந்தக் கேப்ஸ்யூலை உலகமெங்கும் பிரபலமாக்கிய ஆய்வு நடந்ததே நம் பெங்களூரில்தான். 16 பேரை வைத்துச் செய்தது. 22 வாரத்தில், சாப்பாட்டையோ உடற்பயிற்சியையோ மாற்றாமலேயே சராசரியாக எட்டு கிலோ குறைந்ததாக 2012 ஜனவரியில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் பிரபல டிவி மருத்துவர் டாக்டர் ஆஸ் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பச்சைக் காபியைத் தூக்கிப் பேச, விற்பனை பறந்தது. பிறகு பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அந்த ஆய்வைத் தோண்டிப் பார்த்தது. ஆட்களின் எடையைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியிருக்கிறார்கள், யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதிலும் குழப்பியிருக்கிறார்கள் என்று அது குற்றம் சாட்டியது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த அப்ளைட் ஃபுட் சயின்சஸ் நிறுவனம் 2014 செப்டம்பரில் 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நம் ஊரில் எழுதப்பட்ட ஒரு பொய்க் கணக்கு உலகத்தைச் சுற்றிவிட்டு, டப்பாவாகி, இதே ஊரில் என் அக்காவின் மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதற்காக எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ரத்த அழுத்தத்தில் ஓரளவு நம்பத் தகுந்த சோதனைகள் ஜப்பானில் நடந்திருக்கின்றன. 2005ல் வந்த ஒன்றில், அழுத்தம் லேசாகக் கூடியிருந்த 117 ஆண்களுக்கு 28 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு 185 மி.கி. சாறு எடுத்தவர்களுக்கு மேல் அளவு 5.6 புள்ளி இறங்கியது, வெற்றுப் பானம் குடித்தவர்களுக்கு 1.3. கவனியுங்கள், 185 மி.கி.தான். அக்காவின் டப்பாவோ நாளைக்கு இரண்டு கேப்ஸ்யூல், அதாவது 1000 மி.கி. சாறு சாப்பிடச் சொல்கிறது. எடைக் குறைப்பில், 2011ல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் சுமார் இரண்டரைக் கிலோ வித்தியாசம் காட்டியது. ஆனால் அவை மூன்றே சோதனைகள், தரமும் போதாது என்று அவர்களே எழுதியிருந்தார்கள். காபியின் குளோரோஜெனிக் அமிலம் ரத்தச் சர்க்கரையைச் சீராக வைக்கும் என்று சொல்லிக்கொள்ளக் கேட்ட கோரிக்கையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே 2011ல் ஏற்கவில்லை.

கொட்டையை ஊறவைத்துக் குடிப்பது விலை மலிவு. ஆனால் எனக்கு இதுதான் மிகவும் பிடிக்காத வழி. அளவு எதுவும் தெரியாது. பத்து கிராம் அராபிகாவில் 500 முதல் 800 மி.கி. அமிலம் இருக்கலாம். அதில் எவ்வளவு தண்ணீரில் இறங்கும் என்பது சூடு, நேரம், உடைத்த பருமன் எல்லாவற்றையும் பொறுத்தது. கூடவே 100 மி.கி.க்கு மேல் காஃபீனும் அந்தக் கொட்டையில் இருக்கிறது, ரோபஸ்டா என்றால் இரட்டிப்பாகும். வறுக்காத கொட்டை கல் மாதிரி, வீட்டு மிக்ஸி தாங்காது. குடித்தால் வைக்கோல் ஊறிய தண்ணீர் போல இருக்கிறது.

சரி, ஃபில்டர் காபி. சாதாரணமாக 200 மில்லி கறுப்புக் காபியில் 70 முதல் 350 மி.கி. வரை கிடைக்கும் என்று கணக்கு. நம் டபராவில் அவ்வளவு இருக்காது. டிகாக்‌ஷன் கொஞ்சம், பால் நிறைய. தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே அனுமதிக்கிறது. அமிலம் உடலில் சேர்வதைப் பாலும் கொஞ்சம் தடுக்கிறது. ஐந்து பேரை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில், கறுப்புக் காபி குடித்தபோது இந்த அமிலமும் அதன் சிதைவுப் பொருள்களும் 68 சதவீதம் சிறுநீரில் வந்தன, பால் சேர்த்தபோது 40 சதவீதம்தான். இருந்தாலும் நான் காபிப் பக்கம்தான் சாய்வேன். தினம் மூன்று நான்கு கப் குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சுமார் கால் பங்கு குறைவாக வருகிறது என்று லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டு கவனித்த ஆய்வுகள் காட்டின. காஃபீன் நீக்கிய காபியிலும் அதே போக்கு தெரிவதால்தான் குளோரோஜெனிக் அமிலத்தின் மேல் கண் விழுந்தது. காபிதான் காரணம் என்பதற்கு அது நிரூபணம் ஆகாது. ஆனால் கேப்ஸ்யூலுக்கு இந்த அளவு நீண்ட கண்காணிப்புகூட இல்லை. மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ கண்ணெதிரே அரைத்துத் தரும் கடையில் சிக்கரி வேண்டாம், இளம் வறுவல் போதும் என்று கேட்டு வாங்கலாம். சர்க்கரை போடாமல் குடிக்க வேண்டும், அதுதான் அக்காவுக்குக் கஷ்டம்.

கத்திரிக்காய்க்கு நீண்ட அலசல் தேவையில்லை. அதிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களில் முதலிடம் இந்த அமிலத்துக்குத்தான். நார்ச்சத்தும் கிடைக்கிறது. எண்ணெயை அளவாக விட்டால் போதும்.

அக்கா விஷயத்தில் என்னை முடிவெடுக்க வைத்தது இரும்பு. காபியில் உள்ள இந்த வகைப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உணவோடு ஒரு கப் காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்ததாக 1983லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே தடைதான். ஒரு மணி நேரம் முன்பே குடித்தால் தடை இல்லை. அக்காவோ கேப்ஸ்யூலையும் இரும்பு மாத்திரையையும் காலை டிபன் முடிந்ததும் ஒன்றாக விழுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றும் உண்டு. நாளுக்கு 2 கிராம் குளோரோஜெனிக் அமிலம் கொடுத்த சோதனையில் ரத்தத்தில், கூடினால் இதயத்துக்கு நல்லதல்ல என்று கருதப்படும் ஹோமோசிஸ்டீன் 12 சதவீதம் ஏறியது. கேப்ஸ்யூல் அளவு அதைவிட மிகக் குறைவுதான். ஆனால் பி12 குறைவாக உள்ள சைவக்காரர்களுக்கு ஹோமோசிஸ்டீன் முதலிலேயே கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, அக்காவும் சைவம். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இந்த டப்பாவைத் தொடக் கூடாது.

அதனால் கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னேன். டாக்டரிடம் காட்டியபோது அவரும் வேண்டாம் என்றார். காலை எழுந்ததும் ஒரு காபி, டிபன் ஒரு மணி நேரம் கழித்து, இரும்பு மாத்திரை மதியம் தாண்டி எலுமிச்சை ஜூஸோடு என்று நேரத்தை மாற்றிக்கொண்டாள். சிக்கமகளூர்க் கொட்டையை ஞாயிற்றுக்கிழமை இரும்பு வாணலியில் சிறு தீயில் போட்டு, இலவங்கப்பட்டை நிறம் வந்ததும் இறக்கினோம். முதல் டிகாக்‌ஷன் புளிப்பாக இறங்கியது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டாள். அக்கா மட்டும் முழுவதும் குடித்தாள்.