கொடைக்கானலில் ஒரு ஜாம் வகுப்பு: பிளம்ஸ் பருவத்தில் செல்லத்தக்கது

கொடைக்கானல் நகரிலிருந்து சற்று விலகி, பேரிக்காய் மரங்களுக்கு நடுவே உள்ள ஒரு வீட்டில், அவ்வீட்டு அம்மையார் தம் சொந்தச் சமையலறையிலேயே நடத்தும் அரைநாள் ஜாம் வகுப்பைப் பற்றியது இம்மதிப்புரை. கட்டணம் ஒருவருக்கு 1,500 ரூபாய். பழம், சர்க்கரை, காலைத் தேநீர், வீட்டுக்கு எடுத்துச் செல்ல 200 கிராம் கொள்ளும் இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் ஆகியவை அதில் அடங்கும். பிளம்ஸ் வகுப்பு, ஸ்ட்ராபெரி வகுப்பு ஆகிய இரண்டிலும் கலந்துகொண்டவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளம்ஸ் வகுப்புக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை, ஸ்ட்ராபெரி வகுப்புக்கு அதே தொகையை மறுபடியும் கொடுக்க யோசிப்பேன்.

மலையில் மே, ஜூன் மாதங்கள் பிளம்ஸ் பருவம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூடை கூடையாகக் குவிந்திருக்கும் பழத்தில் நன்கு கனிந்து கறுத்ததைத்தான் நாம் தேடிப் பொறுக்குவோம். இவ்வகுப்போ பழம் பொறுக்குவதிலேயே நம் வழக்கத்தைத் திருத்துகிறது. நான்கில் மூன்று பங்கு கனிந்த பழமும், ஒரு பங்கு இன்னும் செங்காயாகவே இருக்கும் பழமும் தனித்தனித் தட்டுகளில் வைக்கப்படுகின்றன. ஜாமை இறுகச் செய்யும் பெக்டின் என்னும் பொருள் முற்றிக் கனியாத பழத்தில்தான் மிகுதி. பழம் கனியக் கனிய அது சிதைந்து குறைகிறது. மணத்துக்குக் கனிந்த பழம், இறுகுவதற்குச் செங்காய் என்ற இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடாமல், இரண்டு வகைப் பழத்தையும் கையில் கொடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லியே புரியவைத்துவிடுகிறார்.

சமைக்கும் பாத்திரம் அகலமான, அடிகனமான எவர்சில்வர் உருளி. புளிப்புள்ள பழத்தை வெறும் அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்கவிடக் கூடாது என்பதையும், வாய் அகன்ற பாத்திரத்தில் நீர் விரைவாக வற்றும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். பழத்தை இரண்டாகப் பிளந்து, அடிபிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து வேகவைக்கிறோம். கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சதையைக் கத்தியால் சுரண்டி மெனக்கெட வேண்டியதில்லை. வெந்ததும் கொட்டைகள் தாமே மேலே மிதந்து வரும், கரண்டியால் அள்ளிவிடலாம். பொறுமை இழந்து சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்தவரிடம், "சீனியை இப்பவே கொட்டாதீங்கம்மா, தோல் நல்லா வேகட்டும். சீனி விழுந்துட்டா அப்புறம் தோல் வேகாது, தோல்பை மாதிரி நிக்கும்" என்றார். முழுப் பாடத்திலும் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம் அதுவே.

சர்க்கரை சேர்ந்த பிறகு வேலையின் வேகமே மாறிவிடுகிறது. அதுவரை தணிந்திருந்த தீ கூட்டப்படுகிறது. ஒரு கிலோ பழத்துக்கு முக்கால் கிலோ சர்க்கரை. அது முழுவதும் கரைந்த பின்னரே கொதி வர விட வேண்டும். முதலில் வெளிறிய இளஞ்சிவப்பு நுரை பாத்திர விளிம்புவரை பொங்குகிறது. சிறிது நேரத்தில் நுரை அடங்கி, குமிழிகள் சிறுத்து, பின் பெரியவையாகி, கண்ணாடிபோல் பளபளத்து மெதுவாக வெடிக்கத் தொடங்குகின்றன. காதால் கேட்டாலே வேறுபாடு தெரிகிறது. சலசலப்பு போய் 'பொளக், பொளக்' என்ற கனத்த ஓசை வருகிறது. இக்கட்டத்தில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் நிறம் மங்கி, பெக்டினும் சிதைந்து, சர்க்கரைப் பாகின் வாசனை பழத்தின் மணத்தை அமுக்கிவிடும்.

பதம் பார்க்கும் முறை நம் வீடுகளுக்குப் புதிதன்று. அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது போலவே இங்கும் ஒரு துளிதான் தீர்ப்புச் சொல்கிறது. குளிர்பெட்டியில் வைத்திருந்த பீங்கான் தட்டில் அரைக்கரண்டி ஜாமை விட்டு, சற்றுப் பொறுத்து, விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருக்கம் விழ வேண்டும். சுருங்காமல் வழிந்து ஓடினால் மீண்டும் அடுப்பு. பார்க்கும்போதெல்லாம் தீயை அணைத்துவிட வேண்டும் என்பதை அவர் கண்டிப்பாக வலியுறுத்துகிறார். நாம் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் பதம் கடந்துவிடுகிறதாம்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வகுப்பின் முடிவில் தரப்படும் அச்சிட்ட தாளில் 'ஜாம் 98 பாகை செல்சியஸில் பதமாகும்' என்று மட்டும் உள்ளது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு அது சரியே. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதைவிட நான்கைந்து பாகை கூடும்போது ஜாம் பதத்துக்கு வருகிறது. ஆனால் வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கத்தினர். மதுரையில் 98 பாகையில் தண்ணீரே கொதிக்காது. அங்கே 104, 105 பாகை தேவை. தாளை நம்பி வெப்பமானியோடு அடுப்பருகே நிற்பவருக்கு ஜாமுக்குப் பதிலாகப் பழச் சர்பத்துதான் கிடைக்கும். 'தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தைவிட 4 அல்லது 5 பாகை கூடுதல்' என்று ஒரு வரியை மாற்றி அச்சிட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும். இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார். தாள் மாறியதா என்பதை இனிமேல் செல்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்ற கேள்வி, எதிர்பார்த்தபடியே, ஒவ்வொரு வகுப்பிலும் எழுகிறது. குறைத்தால் சரியாக இறுகாது, பூஞ்சையும் விரைவில் பிடிக்கும். அப்படிச் செய்பவர்கள் சிறிதளவே செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்பது அவரது நேர்மையான விடை. மலையடிவாரத்துப் பழனிப் பஞ்சாமிர்தத்தையே அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது பொருத்தமாக இருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பிரசாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது; அடுப்பிலும் ஏறுவதில்லை. மலைவாழைப் பழத்தைக் கெடாமல் காப்பவை நாட்டுச் சர்க்கரையும் தேனுமே.

ஸ்ட்ராபெரி வகுப்பு ஏன் சோபிக்கவில்லை என்பதற்குப் பழத்தின் இயல்பே பாதிக் காரணம். அதில் பெக்டின் குறைவு. எலுமிச்சைச் சாறு சேர்த்தும் எளிதில் இறுகுவதில்லை. எனவே கடையில் வாங்கிய பெக்டின் தூளைச் சேர்க்கிறார்கள். தூள் சேர்ப்பது தவறன்று. ஆனால் பழத்தைப் பார்த்துப் பதம் அறிவதே இவ்வகுப்பின் சிறப்பு என்றிருக்க, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டும்போது அந்தச் சிறப்பு போய்விடுகிறது. சுவை நன்றாகவே இருந்தது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு பாட்டில் ஜாமுக்கு 1,500 ரூபாய் என்று கணக்கிட்டால் அநியாயமாகத் தோன்றும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஜாமில் குறைந்தது 45 விழுக்காடு பழம் இருக்க வேண்டும். ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி என்றால் 25 விழுக்காடே போதும். நாங்கள் கிண்டியதில் பழத்தின் பங்கு சர்க்கரையைவிடக் கூடுதல். அந்த வேறுபாடு ரொட்டியில் தடவும்போது நாக்குக்குத் தெரிகிறது என்றாலும், பாட்டிலுக்காக அன்றி, கற்றுக்கொள்வதற்காகவே இக்கட்டணம் என்று எடுத்துக்கொள்வது நியாயம்.

கடைசி அரைமணி நேரம் பாட்டிலுக்குப் பெயர்ச்சீட்டு எழுதுவதற்கு. கெட்டியான பழுப்புத் தாள், மைப்பேனா, மூடிக்கு மேல் கட்டப் பருத்தித் துணித் துண்டுகள், சணல் நூல். சிறுபிள்ளை வேலை என்று நான் ஒதுங்கி நின்றேனே தவிர, கூட வந்தவர்கள் தேநீர் ஆறுவதையும் பொருட்படுத்தாமல் பழத்தின் படம் வரைந்து, தேதி எழுதி, துணியின் ஓரத்தைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர் ஒரே சீட்டை மூன்று விதமான எழுத்தில் எழுதிப் பார்த்தார். பெயர்ச்சீட்டில் பழத்தின் பெயரோடு செய்த தேதியையும் தவறாமல் எழுதச் சொல்வது நல்ல பழக்கம்.

இடவசதிதான் பெரிய குறை. இரண்டு அடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பேரை நிறுத்தினால் பின்வரிசைக்குக் கொதியும் தெரியாது, குமிழியும் தெரியாது. எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டால் நன்று. கோடை விடுமுறை ஞாயிறுகளில் இந்நெரிசல் உறுதி. வார நாளில் செல்லுங்கள். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருப்பதால் அதையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

ஜாமைச் சூட்டோடு ஊற்றி மூடிய பாட்டில், மலையிறங்கியதும் இன்னும் இறுகிக்கொள்ளும். கீழே காற்றழுத்தம் கூடுதல் என்பதால் மூடியின் நடுப்பகுதி உள்ளே அமுங்கியிருப்பதைக் காணலாம். இது கெட்டுப்போனதன் அடையாளமன்று. கத்தியால் நெம்பாமல், பாட்டிலைத் தலைகீழாக, மூடி மட்டும் வெந்நீரில் நனையும்படி சற்று நேரம் பிடித்தால் எளிதில் திறந்துகொள்ளும்.