‘பங்களா ஸ்டவ்’ ஏலத்தில் கேட்பவர்கள் கவனத்துக்கு

மார்த்தாண்டம் பக்கத்து வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப் ஏலத்தில் விட்ட பித்தளை பம்ப் ஸ்டவ் 18,500 ரூபாய்க்குப் போனது. விளம்பரத்தில் சொன்னது இது: சுவீடன் பிரைமஸ் நம்பர் 1, 1920களில் செய்தது, பேச்சிப்பாறைப் பக்கம் வெள்ளைக்காரன் எஸ்டேட் பங்களாவில் இருந்து எடுத்தது, எல்லாம் ஒரிஜினல், நன்றாக எரியும். வந்து சேர்ந்ததைப் பிரித்துப் பார்த்தால் தொட்டி ஒன்றுதான் சுவீடன். பர்னர் உள்நாட்டுச் சரக்கு. கால்கள் வேறு ஏதோ ஸ்டவ்வுக்குச் சொந்தமானவை. தொட்டியின் அடியில் ஈயம் வைத்து மூடிய விரிசல். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பழைய சாமான்னா அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு பதில், பிறகு எண் பிளாக். அதே ஆள் இன்னும் இரண்டு ‘பங்களா ஸ்டவ்’ ஏலத்துக்கு வைத்திருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் விலை. பிரைமஸ் 1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் வடிவமைத்த ஸ்டவ். அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கொண்டு போனதும், 1953 எவரெஸ்ட் குழு கொண்டு போனதும் இந்த வகைதான். விற்பவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் சொல்வார்கள். ஆனால் அதற்காக யாரும் காசு கொடுப்பதில்லை. நம்பர் 1 உலகம் முழுக்கப் பரவிய மாடல், அரியது அல்ல. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ஆச்சரியமான விலைக்குப் போவது முகாம் ஸ்டவ்களுக்கு: பெட்டிக்குள் மடங்கும் ஆப்டிமஸ் 111, 8ஆர், பித்தளை ஸ்வியா 123, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் செய்த கோல்மன் 520 போன்றவை. அதிலும் சொந்தத் தகரப் பெட்டி, சாவி, ஸ்பேனர், அடைப்பைக் குத்தும் பின், குறிப்புத் தாள் எல்லாம் கூட இருந்து, பர்னரில் ஒரு தடவைகூட நெருப்புப் படாமல் இருந்தால்தான் அந்த விலை. அந்த முகாம் ஸ்டவ் ஏல முடிவின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து, கலந்து கட்டிய நம்பர் 1க்குப் பக்கத்தில் போடுவதுதான் இங்கே நடக்கும் தந்திரம். படத்தில் இருக்கும் ஸ்டவ் வேறு, கையில் வரும் ஸ்டவ் வேறு.

பங்களாக் கதையை மறுக்க முடியாததால்தான் அது நன்றாக விற்கிறது. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் தோட்டங்கள் இருந்தன, நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் லண்டன் மிஷன்காரர்கள் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் பிரைமஸ் எரிந்திருக்கும். எல்லாம் சரி. ஆனால் கையில் இருக்கும் இந்த ஸ்டவ் அங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதோ பழைய புகைப்படமோ இல்லாதவரை அந்தக் கதைக்குப் பத்து ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

இனி பொருளுக்கு வருவோம். பிரைமஸ் தொட்டியில் 1911 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்து அடித்தார்கள். எழுத்து இருந்தால் அது 1911க்கு முந்தையது அல்ல. அப்படிப்பட்ட தொட்டியை “1905 மாடல்” என்று விற்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். எழுத்து தேய்ந்து போயிருந்தால் தேய்த்தது யார் என்று கேளுங்கள். இந்த ஸ்டவ்வில் மோட்டார் வைத்து பஃப் போட்டு கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். பஃப் அடித்தால் முத்திரைகளின் விளிம்பு கரைந்துவிடும், பித்தளைத் தகடும் மெலியும். சேகரிப்பவர்கள் கறுத்துப்போன தொட்டிக்குக் கொடுக்கும் விலையைப் பளபளக்கும் தொட்டிக்குக் கொடுப்பதில்லை. மங்கின பித்தளையில் ஈயப்பற்று சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரியும். பஃப் போட்ட பிறகு படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும்.

பர்னர் உள்நாட்டுச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்நாட்டு பம்ப் ஸ்டவ்களுக்கு ஐஎஸ் 1342 என்ற தரநிலை உண்டு, 1987 ஆணைக்குப் பிறகு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் ஆனது. அந்த முத்திரையோ கம்பெனிப் பெயரோ இருந்த இடத்தை அரத்தால் ராவினால், வளைந்திருக்க வேண்டிய பரப்பில் தட்டையாக ஒரு துண்டு தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அடுத்து, பர்னரைக் கழற்றச் சொல்லி மரையைப் படம் கேளுங்கள். பர்னருக்கும் தொட்டியில் இருந்து மேலே வரும் குழாய்க்கும் நடுவில் ஈய வாசர் இருக்க வேண்டும். இதில் பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப் இருந்தது. மரை சரியாகப் பொருந்தாத பர்னரை ஏற்றினால்தான் டேப்புக்கு வேலை வரும். அந்த டேப் சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதைந்து நச்சுப்புகை விடும், சூடேறும் பர்னருக்குக் கீழே அதற்கு இடமே இல்லை. இன்னொன்று: நம்பர் 1 இரைச்சல் போட்டு எரியும் வகை. இரைச்சல் இல்லாத பர்னர் மாட்டி வந்தால் அது பிறகு மாற்றியது.

பம்பைப் பார்ப்பது எளிது. தண்டை வெளியே இழுத்தால் நுனியில் தோல் வாசர் இருக்க வேண்டும். இதில் டயர் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பும். முதல் நாள் அருமையாகக் காற்று ஏறும், பிறகு தண்டு குழாயில் சிக்கிக்கொள்ளும். தோல் காய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெயில் ஊறவைத்து விரித்துவிட்டால் வேலை செய்யும். பம்ப் அடித்ததும் தண்டு தானாக மேலே எழும்பி வந்தாலோ, குழாயின் உள்ளே எண்ணெய் நின்றாலோ குழாயின் அடியில் இருக்கும் வால்வு போய்விட்டது. அதற்குள் இருக்கும் சின்ன அடைப்பான் காய்ந்திருக்கும். மலிவான வேலைதான், ஆனால் வால்வைக் கழற்ற நீண்ட தனிச்சாவி வேண்டும். அது இல்லாமல் ஸ்குரூ டிரைவரை விட்டு நோண்டியிருந்தால் வால்வின் வெட்டு சிதைந்திருக்கும், பிறகு யாராலும் வெளியே எடுக்க முடியாது.

விரிசல்தான் பெரிய விஷயம். தட்டி வளைத்த பித்தளை உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும். அமோனியா பட்டால் அந்த இறுக்கமான இடத்தில் மயிரிழை மாதிரி பிளக்கும். அமோனியா கலந்த பாலிஷ் திரவத்தால் வருஷக்கணக்கில் துடைத்த தொட்டிகளில் அடிமடிப்பை ஒட்டி இது வரும். மேலே ஈயம் வைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

சோதிக்கிறேன் என்று ஸ்டவ்வை அப்படியே வாளியில் அமுக்கினால் பயன் இல்லை. நம்பர் 1இல் அடைக்கும் வால்வு கிடையாது, காற்று பர்னரில் எரிபொருள் பீய்ச்சும் சிறு துளையான நிப்பிள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். பர்னரைக் கழற்றி, அந்த மரைக்கு ஒரு குருட்டு நட்டை (ஒரு பக்கம் அடைத்தது) ஈய வாசரோடு போட்டு இறுக்க வேண்டும். தொட்டியை முக்கால்வாசி தண்ணீரால் நிரப்பி, மூடியை மூடி, பத்துப் பதினைந்து பம்ப் மட்டும் அடித்து, தண்ணீரில் தலைகீழாகப் பிடியுங்கள். நீரால் நிரப்புவது, தொட்டி பிளந்தாலும் வெடிக்காமல் இருக்க. தலைகீழாகப் பிடித்தால் காற்று அடிப்பக்கம் போய் மடிப்பில் குமிழி வரும். அப்புறம் நிமிர்த்தி மூடியையும் பம்ப் குழாயின் வாயையும் பாருங்கள்.

எரியும் வீடியோ விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த ஸ்டவ்வுக்கு வந்தது இருபது விநாடி வீடியோ, நீலச் சுடர். வெளியே இருந்து கேஸ் டார்ச் சுடரால் பர்னரைச் சுட்டுவிட்டால் எந்த ஸ்டவ்வும் இருபது விநாடி நீலமாக எரியும். வெட்டாத ஒரே வீடியோ கேளுங்கள்: ஆறின ஸ்டவ், பர்னரைச் சூடேற்ற அதன் கீழே உள்ள கிண்ணத்தில் ஸ்பிரிட், அது எரிந்து முடியும் நேரம் காற்றை வெளியே விடும் திருகை இறுக்கி பம்ப், பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்வரை. நல்ல நம்பர் 1 நாலைந்து நிமிடத்தில் கொதிக்க வைக்கும். மஞ்சள் சுடர் தாவினால் பர்னர் சூடாகவில்லை, அல்லது நிப்பிள் ஓட்டை பெரிதாகிவிட்டது. மண்ணெண்ணெய் நிப்பிள் 0.32 மி.மீ. அளவு, கண்ட கம்பியை விட்டுக் குத்தினால் அகன்றுவிடும். எண்ணெயையும் கவனியுங்கள். நீல நிற ரேஷன் எண்ணெய் கிடைப்பது குறைந்துவிட்டதால் சிலர் பெட்ரோல் கலந்து காட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் பெட்ரோல் ஊற்றுவது குண்டு வைப்பது மாதிரி. அப்படி ஓட்டிக் காட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஸ்வியா 123 என்று வந்தால் வேறு கணக்கு. அது 1955இல் வந்த மாடல், பம்ப் கிடையாது, பெட்ரோல் வகை எரிபொருள். 1969இல் ஸ்வியாவை ஆப்டிமஸ் எடுத்துக்கொண்டது, ஆகவே ஆப்டிமஸ் பெயர் பொறித்ததை “முதல் வருஷ ஸ்வியா” என்று விற்க முடியாது. சாவியை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் நிப்பிள் வழியே ஊசி எழும்பி வருகிறதா? அதுவும் பிற்காலத்து வகை. எரிபொருள் மூடியைக் கட்டாயம் பாருங்கள். அதில் அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு இருக்கும். லேத்தில் கடைந்த வெறும் பித்தளை மூடி போட்டு வருகிறது என்றால் ஸ்டவ்வை அலமாரியில் வைக்கலாம், பற்றவைக்கக் கூடாது.

ஏற்கெனவே பணம் போனவர்கள்: விளம்பரம், அரட்டை, யுபிஐ ரசீது, பெட்டி பிரிக்கும் வீடியோ நான்கையும் சேமித்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பொருளே அனுப்பாமல் ஓடியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், அதுவும் உடனே. விற்பதைத் தொழிலாகச் செய்பவர் என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

வீட்டுப் பரணில் பழைய ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆக்கர் கடையில் எடைக்குப் போடும் முன் அடியில் உள்ள எழுத்தைப் படம் எடுங்கள், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், துருப்பிடித்த தகரப் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கூரியரில் அனுப்பினால் எண்ணெயை வடித்து, மூடியைத் திறந்து வாடை போகக் காயவைத்துத்தான் கட்ட வேண்டும், எரிபொருள் வாடை வந்தால் விமானப் பார்சலில் ஏற்ற மாட்டார்கள். நூறு வயது தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. வயது குறைவு என்றாலும் பழைய பித்தளையைச் சுங்கத்தில் நிறுத்திக் கேட்பார்கள். வெளிநாட்டு ஏலத்தில் போடும் முன்பே தொல்லியல் துறையில் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.